கொழுந்து லொறியின் கீல்

நாகலெட்சுமி நீட்டிய பிளேன்டீயைச் சுதாகரன் உடனே வாங்கவில்லை. முதலில் தன் மனைவி ஜீவராணியைப் பார்த்தான். அடுப்படி வாசலில் நின்றிருந்த அவள் கண்ணை அசைத்த பிறகுதான் அவனுடைய இடது கை நீண்டது.

அண்ணி கொடுக்கும் தேநீரிலும் ஏதாவது இருக்குமோ என்பது போல ஒரு பார்வை... நாலு வருஷமாக நாகலெட்சுமியின் காலைகள் இந்தப் பார்வையோடுதான் விடிகின்றன.

"இன்னைக்குப் பழைய கீலு ரெண்டையும் கழட்டப் போறேன்" என்றபடி அவள் கணவன் முத்துலிங்கம் உள்ளே வந்தான். நானுஓயாவின் பனி அவன் தலைமயிரில் பூத்திருந்தது. "தலவாக்கலை லேத் பட்டறைக்குக் கொண்டு போனா, உள்ள கோத்திருக்கிற தேஞ்ச பின்னைத் தட்டி எடுத்துட்டுப் புதுசு போட்டுத் தருவான்."

நாகலெட்சுமியின் கையிலிருந்து நழுவிய ரொட்டித் தட்டை அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஜீவராணி அதைக் கவனித்துவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் நின்றது ஒரு பழைய செவர்லே லொறி. ஒரு காலத்தில் மலைமலையாய் ஏறித் தேயிலைக் கொழுந்து சுமந்து, பிறகு தோட்டத்து ஃபெக்டரிக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. அண்ணனும் தம்பியும் அதை வாங்கி உயிர் கொடுத்திருந்தார்கள். எஞ்சின் ஓடியது, பச்சைப் பெயின்ட் மின்னியது. ஏப்ரல் சீசனுக்கு வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிப் போக நுவரெலியாவில் ஒரு ஹோட்டல்காரர் அதைக் கேட்டிருந்தார். பாக்கி இருந்தது பொனட் மட்டும்தான். அதைத் தாங்கும் இரண்டு கீல்களும் ஆட்டங்கண்டு போயிருந்தன.

"லேத்து எதுக்குண்ணே?" என்றான் சுதாகரன். "சரிபுதீன் நானா கடையில வெளிநாட்டுக் கீலு வந்திருக்கு. ஸ்பிரிங் வில்லுக்குப் பதிலா கேஸ் தண்டு வச்சது. கொஞ்சம் தூக்கினாப் போதும், மிச்சத்த அதுவே தூக்கிரும். பொருத்திப் பாத்துட்டு, சரிவராட்டி திருப்பித் தாங்கன்னு குடுத்து விட்டிருக்காரு."

"அது வெலையப் பாத்தியா? அந்த வெலைக்கு நாலு டயரும் போட்டுறலாம்! ஹோட்டல்காரரு பழைய லொறி பழைய மாதிரியே இருக்கணும்னாரு. பளபளன்னு ஒரு சாமான மாட்டினா..."

"ஒரு கையால தொறக்கணும்ணே!" சுதாகரனின் குரல் உடைந்தது. "எனக்கு மிச்சமிருக்கிறது அந்த ஒரு கைதானே!"

அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மிஞ்சியவையும் மடங்கா. மூன்று பேரின் கண்களும் நாகலெட்சுமியிடம் வந்து நின்றன.

அவள் ரொட்டித் தட்டைக் கீழே வைத்தாள். "புதுசையே வாங்கிடுங்க... பழச இரும்புக்காரனுக்குப் போட்டுறலாம். லேத்துக்கெல்லாம் வேணாம்."

"என்னைக்கும் இல்லாத அக்கறை!" ஜீவராணி சீறினாள். "ஒரு ரூவா மஞ்சத்தூளுக்கு ரெண்டு கடை ஏறி எறங்குற ஆளு, இப்ப உள்ளதிலேயே வெல கூடின சாமானக் காட்டுறாங்க! இதுல என்னமோ இருக்கு... எனக்குத் தெரியாமப் போகாது!"

பதில் சொல்லும் பழக்கமே நாகலெட்சுமியை விட்டுப் போயிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்பு, அந்த லொறி வீட்டுக்கு வந்த புதிது. சுதாகரனுக்குக் கட்டாரில் டிரைவர் வேலை கிடைத்து, விசாவும் வந்திருந்தது. பொனட்டைத் தூக்கி ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்துவிட்டு, அதற்குள் கைவிட்டு வேலை செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் அவனுக்குத் தேநீரோடு நின்றவள் நாகலெட்சுமி மட்டும். திடீரென்று பொனட் இறங்கியது... அந்த அலறல்!

ஆஸ்பத்திரியில் எல்லோரும் "எப்படி? எப்படி?" என்று கேட்டபோது அவள் சொன்னாள். "நான்தான்... தெரியாமக் குச்சிய இழுத்துட்டேன்."

அன்றிலிருந்து அவள் குற்றவாளி. கொழுந்தன் வெளிநாடு போய் முன்னேறுவது பொறுக்காமல் வேண்டுமென்றே செய்தாள் என்றுகூட ஊரில் பேசினார்கள். பிறகு சுதாகரனைக் கட்டிக்கொண்டு வந்த ஜீவராணி அதை முழுதாக நம்பினாள். முத்துலிங்கம் மனைவியைத் திட்டவில்லை. அதைவிடக் கொடுமையாக, பேசுவதைக் குறைத்துக்கொண்டான். ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் வட்டகொடையிலிருந்த அவள் அண்ணன் பழனியாண்டி வந்து, "உண்மையா புள்ள?" என்று கேட்டார். அவள் தலைகுனிந்து நின்றாள். அவரும் திரும்பிப் போய்விட்டார். எந்த முகத்தோடு பிறந்த வீட்டுக்குப் போவது? போகவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அண்ணனும் தம்பியும் ஷெட்டுக்குப் போனார்கள். பழைய கீல்களைக் கழற்றினார்கள். அவற்றைத் திருப்பிப் பார்க்காமலேயே முத்துலிங்கம் ஒரு சாக்கில் போட்டு மூலையில் வைத்தான். புதுக் கீல்களை மாட்டினார்கள்.

சுதாகரன் ஒரு கையால் தொட்டதும் பொனட் தானாக எழுந்து நின்றது. அவன் முகத்தில் குழந்தையின் சிரிப்பு!

"மூடிப் பாரு" என்றான் முத்துலிங்கம்.

மூடினார்கள். பொனட்டின் பின் ஓரம் கண்ணாடிக்குக் கீழிருந்த தகட்டில் கிரீச்சென்று உரசியது. அதைவிட மோசம், உள்ளிருந்து தண்டு தள்ளியதில் பொனட்டின் பழைய தகடு நடுவில் மெல்லப் புடைத்தது.

"பாத்தியா? தண்டுக்குப் பலம் கூட. தகடு தாங்காது. பத்துத் தரம் தொறந்து மூடினா மடிஞ்சு போயிரும்."

"உள்பக்கம் ஒரு இரும்புப் பட்டை வெல்ட் பண்ணினா..."

"வெல்ட் பண்ணி, கண்ணாடிக்குக் கீழ உரசுற தகட்டையும் வெட்டி... அப்புறம் இது பழைய லொறியாடா? சரி, பழைய கீல எடு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்து முடிவெடுப்போம்."

சுதாகரன் மூலைக்குப் போனான். சாக்கு இல்லை.

"இங்கதானே வச்சோம்?"

வாசலில் நின்ற ஜீவராணியின் கண்கள் சுருங்கின. "அக்காவையும் காணோம்!"

அவள் ஓடினாள். தேயிலை மலைக்கு இறங்கும் படிக்கட்டில், ஓடைப் பக்கமாக நாகலெட்சுமி வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். முந்தானைக்குள் ஒரு பாரம்.

"நில்லுங்க! எங்க கொண்டு போறீங்க அத?"

"ஒண்ணுமில்ல ஜீவா... சும்மா... இரும்புக்காரனுக்கு..."

"ஓடைக்குள்ளயா இரும்புக்காரன் இருக்கான்? குடுங்க!"

"வேணாம்... ஒன் காலப் புடிச்சுக் கேக்குறேன்... விட்டுரு தாயி!"

இளையவளுக்கு வெறி வந்ததுபோல் இருந்தது. சாக்கைப் பறித்தாள். மூத்தவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். "பாத்தீங்களா மாமா! ஒங்க பொண்டாட்டி ஓடையில வீசப் போனத! கேளுங்க ஏன்னு... இப்பயாவது கேளுங்க!"

சாக்கைத் தலைகீழாகக் கொட்டினாள். இரண்டு கீல்களும் சிமெந்துத் தரையில் விழுந்து அதிர்ந்தன.

முத்துலிங்கம் குனிந்தான். வலப்பக்கக் கீலில் இரும்புப் பின் இருந்தது. இடப்பக்கக் கீலின் துளைக்குள் இருந்தது பின் அல்ல, பாதியில் முறிந்த ஓர் ஆணி. பலகைக்கு அடிக்கும் ஆணி.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இது... நான் அடிச்ச ஆணி."

அவன் அந்த ஆணியை விரலால் தடவினான்.

"லொறி வந்த அன்னைக்குச் சாயந்தரம் பின்னு கழண்டு கெடந்துச்சு. இப்போதைக்கு இது போதும்னு நான்தான் அடிச்சேன். நீ வெளக்கப் புடிச்சுக்கிட்டு நின்ன, லெட்சுமி..." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "ஆணி முறிஞ்சுதான் பொனட் விழுந்துச்சா?"

"இல்லங்க... நான்தான் குச்சிய..."

"போதும் அண்ணி!"

கத்தியது சுதாகரன். அவன் முகம் வெளுத்திருந்தது. "குச்சிய யாரும் இழுக்கல. பொனட் விழுந்தப்ப குச்சி என் தோள்ல வந்து அடிச்சுச்சு. அந்த வலி எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க முன்னாடியே இழுத்திருந்தா அது எப்படி என் மேல விழும்? ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவே இத யோசிச்சேன்..."

ஜீவராணி அவனைத் திகைத்துப் பார்த்தாள். "தெரிஞ்சிருந்துமா சொல்லாம இருந்தீங்க?"

"தெரியாது... சந்தேகந்தான். ஆனா கோவப்பட எனக்கு ஒரு ஆள் வேணும்னு இருந்துச்சு. அவங்க தானாவே வந்து நின்னாங்க. நான் விட்டுட்டேன்."

முத்துலிங்கம் தலையில் அடித்துக்கொண்டான். "எனக்கும் அந்த ஆணி மேல ஒரு பயம் இருந்துச்சுடா... அதனாலதான் பொனட்டக் கம்பியால தூக்கிக் கட்டியே வச்சிருந்தேன். இன்னைக்குக்கூட கீலத் திருப்பிப் பாக்கத் தைரியம் வரல. லெட்சுமி... ஏன் புள்ள... ஏன் இப்படிச் செஞ்ச?"

நாகலெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பேசியபோது குரலில் நடுக்கம் இல்லை.

"அம்மா அப்பா இல்லாம தம்பியத் தோள்ல போட்டு வளத்தீங்க. அவரு கையை நீங்களே ஒடிச்சீங்கன்னு தெரிஞ்சா நீங்க உசிரோட இருந்திருக்க மாட்டீங்க. அவரும் ஒங்க மொகத்துல முழிச்சிருக்க மாட்டாரு. நான் வெளியிலேருந்து வந்தவ. என் மேல கோவம் இருந்தா இந்த வீடு ஒடையாதுன்னு நெனச்சேன்."

"அக்கா!" ஜீவராணி அவள் காலடியில் விழுந்தாள். "ஒங்க கையால குடுத்த தண்ணியக்கூடச் சந்தேகப்பட்டேனே... பாவி... நான் பாவிக்கா!"

நாகலெட்சுமி அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். சுதாகரன் தன் ஊனமான கையை அண்ணியின் தோளில் வைத்தான். நாலு வருஷத்தில் முதல்முறையாக அவள் அந்தக் கையைத் தொட்டு, விரல் இல்லாத இடத்தைத் தடவிக் கொடுத்தாள்.

வெகுநேரம் கழித்து அவன் கேட்டான். "கீலு விசயத்த நீங்களே சொல்லுங்க அண்ணி. எது?"

"அந்தப் பழச லேத்துக்காரன் பாத்துருவானேன்னுதான் புதுசு வாங்கச் சொன்னேன். இப்ப அந்தப் பயம் இல்ல." அவள் புடைத்த தகட்டைத் தடவிப் பார்த்தாள். "இது இந்த லொறிக்கு ஆகாது. கடைக்கே குடுத்துருங்க. பழசுக்கு நல்ல உருக்குப் பின்னாப் போடச் சொல்லுங்க. வில்லையும் புதுசா மாத்தி, நீங்க ஒரு கையால தூக்குற அளவுக்கு வைக்கச் சொல்லுங்க தம்பி."

"சரி அண்ணி."

மறுநாள் காலை, நாகலெட்சுமி ஒரு பையோடு முற்றத்தில் நின்றாள்.

முத்துலிங்கம் பதறி ஓடிவந்தான். "எங்க போற?"

"வட்டகொடைக்கு. எங்க அண்ணன் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லல."

"நானும் வாறேன். நானே அவருகிட்டச் சொல்றேன்..."

"நீங்க அப்புறமா வாங்க. மொதல்ல நான் போகணும். தனியா."

அவன் ஸ்டேஷன் வரை பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். ரயில் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிளாட்ஃபாரத்தில் நின்றவனின் கண்கள் கலங்கியிருந்தன.

"திரும்பி வருவியா லெட்சுமி?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"இதுலயும் சந்தேகமா? வருவேங்க. ஆனா எப்பன்னு கேக்காதீங்க."

ரயில் நகர்ந்தது. முத்துலிங்கம் கேட்கவில்லை.