ஆறாவது வரியில் நின்றவன்

“ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. இடது தோள் நனைகிறது. எழுந்து வேறு சீட்டுக்குப் போகலாமா என்று நான்கு முறை யோசித்துவிட்டேன்.”

இதைப் போனின் நோட்ஸில் தட்டிவிட்டு மணிமேகலை நிமிர்ந்தாள். அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை போகும் மூன்று ஐம்பது பஸ். வெளியே ஐப்பசி மழை சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

முன் சீட்டில் இருந்தவனின் போன் மினுங்கியது. எடுத்துப் பார்த்தான். உடனே தலையைத் தூக்கினான். வலப்பக்க ஜன்னல்களை வரிசையாகப் பார்த்தான்... இடப்பக்கம் பார்த்தான்... பிறகு பயந்தவன் போல மெதுவாகப் பின்னால் திரும்பினான்.

ஷட்டர் இறங்காத ஜன்னல் அந்த பஸ்ஸில் ஒன்றுதான். அவன் பார்வை அவளுடைய நனைந்த தோளில் தொடங்கி, மேலே ஏறி, அவள் கண்களில் வந்து நின்றது.

என்ன கண்கள் அவை... திருடனின் கண்கள் இல்லை. வம்புக்காரனின் கண்களும் இல்லை. பல நாள் குரல் மட்டும் கேட்ட ஒருவரை முதன்முதலாக நேரில் பார்க்கிறவனின் கண்கள்.

அந்தப் பார்வை நெஞ்சில் இறங்குவதற்குள், அவன் கையிலிருந்த போன் அவள் கண்ணில் பட்டது. ‘ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. இடது தோள் நனைகிறது...’

மழைச் சத்தமும் கண்டக்டரின் விசிலும் எங்கோ போய்விட்டன.

“அது... எப்பிடி ஒங்ககிட்ட வந்துச்சு?”

“நீங்கதானா அது?” என்றான் அவன். 

“போனக் குடுங்க.”

மறுபேச்சில்லாமல் கொடுத்தான். மணிமேகலை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஆறு மாதம். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு, வரிசை எண் போட்டு அவள் எழுதியது அத்தனையும் இருந்தது. புதுக்கோட்டையில் போகும் மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் எடுத்த குறிப்புகள், அம்மாவிடம் பட்ட கோபம், கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே திட்டிக்கொண்டது எல்லாம். தன் வீட்டு அலமாரியை நடுரோட்டில் கவிழ்த்துப் போட்டது போல இருந்தது.

“இந்தப் போன எங்க வாங்குனீங்க?”

“அறந்தாங்கி நாகராசு கடையில. சித்திரையில. மெயில் ஐடி இருக்கான்னு கேட்டாரு. இல்லேன்னேன். நானே போட்டுத் தாரேன்னாரு.”

அவளுக்கும் அதே சித்திரை, அதே கடை, அதே பேச்சு. ஆளுக்கொன்று உண்டாக்கச் சோம்பல்பட்டு, ஒரே ஐடியை இரண்டு போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறார் அந்த மனுசன். பாஸ்வேர்டைக்கூடப் போன் பெட்டியின் மேல் பேனாவால் எழுதித் தந்தாரே... கடைப் பெயர், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று.

“ஒரு நாளு என் நோட்ஸ்ல, ‘பிவிசி பசை ஒண்ணு, ஒரு இஞ்ச் வாசர் நாலு’ன்னு இருந்துச்சு,” என்றாள் மெல்ல. “நாந்தான் தூக்கத்துல எதையோ தட்டிட்டேன்னு நெனச்சேன்.”

“அத அழிச்சது நீங்கதானா?” அவன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. “கடை வரைக்கும் போயி, என்ன வாங்க வந்தேன்னு தெரியாம நின்னேங்க. மொதலாளிகிட்ட அன்னைக்கு வாங்குன திட்டு இருக்கே...”

சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். இது சிரிக்கிற நேரமா?

அவன் பெயர் மலையாண்டி. ஊர் வல்லத்திராக்கோட்டை. புதுக்கோட்டையில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை. போர்வெல் மோட்டார் ஒன்றை மாட்டிக் கொடுக்க அறந்தாங்கி வந்து திரும்புகிறான். கேட்டதற்கெல்லாம் கேட்ட அளவுக்குப் பதில் சொன்னான்.

“எல்லாத்தையும் படிச்சீங்களா?”

“மொதல்ல ஏதோ தொடர்கதைன்னு நெனச்சேங்க. போனோட இலவசமா வருதாக்கும்னு.” சீட்டுக் கம்பியைத் தடவினான். “கதை இல்லேன்னு தெரிஞ்ச பெறகும் படிச்சேன்.”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“ஒங்க வகுப்புக் குறிப்ப வச்சு எம் போனையும் மாத்துனேங்க,” என்றான் அவசரமாக. “கீபோர்டு, மேப்பு, பாட்டுக் கேக்குற ஆப்பு... எல்லாம் நீங்க எழுதுன மாதிரி ஓப்பன் சோர்ஸு. டார்ச் ஆப்பு எதுக்கு நம்ம போன் நம்பரையெல்லாம் கேக்குதுன்னு எழுதியிருந்தீங்கள்ல... அன்னைக்கே அதத் தூக்கிட்டேன்.”

அந்த மாலை வகுப்பில் ஷர்லி மேடம் நடத்திய பாடம் அது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்க்கக்கூடிய மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள், கேட்டதையெல்லாம் கொடுக்காதீர்கள் என்பார். மணிமேகலை அதை ஆறு வரியாக அழகாக எழுதி வைத்தாள். ஆறாவது வரி: ‘என் கணக்கில் எந்தெந்தப் போன்கள் உள்ளே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். என்னுடையது இல்லாததை வெளியேற்ற வேண்டும்.’ எதையாவது தப்பாக அமுக்கி எல்லாம் அழிந்துவிட்டால்? அந்தப் பயத்தில் ஒவ்வொரு வாரமும் அதற்கு நேராக ‘அடுத்த வாரம்’ என்று எழுதிவந்தாள். எழுதியதைச் செய்யாமல் விட்டதற்கு இதோ தண்டனை...

அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் போனில் அந்தப் பட்டியலைத் திறந்தாள். இரண்டு போன்கள் இருக்கும் என்று நினைத்தாள்.

மூன்று இருந்தன.

“மூணாவது யாரு?”

மலையாண்டி எட்டிப் பார்த்தான். “இந்த மாடலு... நாகராசு கடைக் கவுண்டர்ல சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருப்பாரே. வர்றவுக எடுத்துப் பாக்குற போனு. அதாங்க.”



நாகராசு வெறும் கடைக்காரர் இல்லை. போன் வாங்கப் போன அன்று அவளைப் பார்த்துவிட்டு, துபாயில் இருக்கும் தன் அக்கா மகனுக்குப் பெண் கேட்டவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். அந்த மாப்பிள்ளை வீடியோ காலில் கேட்ட இரண்டாவது கேள்வியே, “ஒங்க போன் லாக் நம்பர் என்ன? நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு?” என்பதுதான். அன்று அவள் எழுதினாள்: ‘இந்த மாப்பிள்ளை வேண்டாம். அப்பாவிடம் நானே சொல்ல வேண்டும். வேறு யார் வாய் வழியாகவும் அது போகக் கூடாது.’

அந்த வரி இப்போது நாகராசு கடைக் கவுண்டரில், சங்கிலியில் கட்டிக் கிடக்கிறது. அவர் படித்தால்... ஊரே படித்த மாதிரி. அப்பா தலைகுனிவார். வகுப்பு நின்றுபோகும்.

“அதத்தான் மொதல்ல எடுக்கணும்,” என்றான் மலையாண்டி. அந்த வரியை அவனும் படித்திருந்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. “பாஸ்வேர்ட மாத்திட்டு வெளியேத்துங்க. அழியாது, பயப்படாதீங்க. ஒங்க எழுத்து ஒங்ககிட்டயேதான் இருக்கும்.”

மாற்றினாள். மூன்றாவது போனை வெளியேற்றினாள். பட்டியலில் இரண்டு மிச்சம்.

“இப்ப என்னையும் எடுத்துருங்க,” என்றான். பிறகு, கேட்காமலே சொன்னான். “ஒண்ணு சொல்லிடுறேன். ஆறாவது வரிய நானும் செஞ்சு பாத்தேங்க. ரெண்டு மாசத்துக்கு முந்தியே இந்த லிஸ்ட்டப் பாத்துட்டேன். வெளிய போக ஒரு அமுக்கு போதும்... அமுக்கலை.”

“ஏன்?”

“அமுக்கிட்டா நீங்க வரமாட்டீங்களே.”

பஸ் குலுங்கியது. அவளுக்குள்ளும் ஏதோ குலுங்கியது. அது கோபம்தானா என்று சந்தேகமாக இருந்தது. கோபம் என்றே வைத்துக்கொண்டாள்.

“அந்த மாப்பிள்ளை லாக் நம்பரக் கேட்டாரு,” என்றாள். “நீங்க கேக்கக்கூட இல்லை.”

அவன் முகம் வாடியது.  அவள் அமுக்கினாள். அவன் கையிலிருந்த போனில் ஆறு மாதமும் ஒரு நொடியில் வெறுமையானது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மட்டும், “தப்புதாங்க,” என்றான். “நீங்க வர்ற பஸ்ஸு நேரமெல்லாம் அதுல இருந்துச்சு. ஒரு நாளும் தேடி வரலை. இன்னைக்கு ஏறுனது மழைக்காக. அத நம்புனா போதும்.” மழைக்குள் நடந்து போய்விட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில், சார்ஜர் வாங்கும் சாக்கில் நாகராசு கடைக்குப் போனாள். கவுண்டர் வரை நடப்பதற்குள் பதினோரு விதமாகப் பயந்துவிட்டாள்.

“வாம்மா. ஞாயித்துக்கெழம வாரோம்ல?” என்றார் நாகராசு. சங்கிலிப் போன் புதுப் பாஸ்வேர்டைக் கேட்டபடி விழித்துக்கொண்டிருந்தது. “நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. சும்மா சும்மா என்னமோ எழுத்தா வரும். விளம்பரமாக்கும்னு தள்ளி விட்டுருவேன். நமக்குக் கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாது பாரு.”

படித்தாரா, படிக்கவில்லையா? அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. இனி தெரியப் போவதும் இல்லை. காத்திருந்தால் இந்தப் பயம் தீராது என்று மட்டும் தெரிந்தது.

அன்று மாலை அப்பா சவுதியிலிருந்து கூப்பிட்டார். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். எடுத்துப் பார்க்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

“லாக் நம்பர் கேட்டதெல்லாம் ஒரு காரணமா, ஆத்தா?” என்றார் அப்பா.

“எனக்கு அதுதாம்ப்பா காரணம்.”

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.  “ஒங்கம்மா எம் போன்ல கைய வச்சா நானுந்தான் கத்துவேன்,” என்றார். “நாகராசுகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வகுப்ப விட்டுராத.”

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. அம்மா மட்டும் இரண்டு வேளை பேசவில்லை.

மணிமேகலை வேறு ஆப் ஒன்றைத் தேடி எடுத்தாள். ஓப்பன் சோர்ஸ். கணக்குக் கேட்காது, எழுதியதைப் போனை விட்டு வெளியே அனுப்பாது. பூட்டின் நம்பர் அவளுக்கு மட்டுமே தெரியும். நிம்மதியாக எழுதலாம்...

எழுதினாள். ‘1. ஞாயிறு. மழை இல்லை. 2. பஸ்ஸில் அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. 3. தேடி வரவில்லை என்றார். நம்புகிறேன். 4. இதை யாரும் படிக்கப் போவதில்லை.’ நான்காவது வரியைப் பார்த்ததும் நெஞ்சு ஏனோ கனத்தது. பாதுகாப்பாக இருப்பதற்கும் தனியாக இருப்பதற்கும் நடுவில் எங்கோ நின்றுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை முந்தின பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள். புதுக்கோட்டையில் இறங்கி மூன்று கடை மாறி விசாரித்தாள். தூறல் தொடங்கியபோது அந்த வைண்டிங் கடை வாசலில் நின்றாள். திரும்பிவிடலாமா என்று எத்தனை முறை யோசித்தாள் என்பதை எண்ணவில்லை.

மலையாண்டி செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். சுற்று எண்ணிக்கை விட்டுப்போனது.

“நேத்து எழுதினேன்,” என்றாள். “ஒங்களுக்கு வந்துச்சா?”

“வரலைங்க.”

“வராது.” பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். “இந்தாங்க. நான் அழிச்ச லிஸ்ட்டு.”

பிரித்தான். நான்கு ரப்பர் வாசர்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“இது முக்கா இஞ்சுங்க.”

“ஐயோ... ஒரு இஞ்ச்தான கேட்டேன். நான் சரியாச் சொல்லலையோ...”

“பரவால்லைங்க. முக்கா இஞ்ச் மோட்டாரா ஒண்ணு தேடிக்கிறேன்.”

இந்த முறை சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான். கூரைத் தகரத்தில் மழை வலுத்தது. சிரிப்பு ஓய்ந்ததும் பயம் திரும்பி வந்தது.  இருந்தும் அவன் கண்களை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

“ஒருத்தரு சாவியக் கேட்டாரு. ஒருத்தரு கேக்காம உள்ள வந்தாரு,” என்றாள். “ரெண்டும் எனக்கு வேணாம். நானாச் சொன்னாத்தான் அது எம் பேச்சு. அதான் வந்தேன்.”

அவன் கம்பியைக் கீழே வைத்தான்.

“எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு. எப்பருந்துன்னு தெரியலை. சரிதானான்னும் தெரியலை. இத எங்கயும் எழுதலை, எங்கயும் ஏத்தலை. இருக்குறது இந்த ஒரே ஒரு காப்பிதான்.”

 மலையாண்டி நான்கு வாசர்களையும் பொட்டலத்தில் மடித்து, சட்டைப் பைக்குள் வைத்து, பட்டனைப் போட்டான்.

“ஆறு மாசமாச் சொல்ல முடியாமக் கெடந்தது எங்கிட்டயும் ஒண்ணு இருக்குங்க,” என்றான். “அதுக்கும் வேற காப்பி இல்லை. கேக்குறீங்களா?”

வகுப்புக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மணிமேகலை போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, அவன் நகர்த்திப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க,” என்றாள்.