நானூறாவது குஞ்சு

காலை ஆறேகாலுக்குச் செவந்தி படகின் முன்பலகையில் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, அதனிடம் தன் பெயரையும் நாளையும் சொன்னாள். கண்டதைத் தவிர வேறெதையும் காட்ட மாட்டேன் என்ற உறுதிமொழியையும் சொன்னாள். அவள் குரலையும் கருவிழியையும் சரிபார்த்துவிட்டு முத்திரைக் கேமரா திறந்துகொண்டது. பின்னால் கம்புடன் நின்றிருந்த படகுக்காரர் பூவலிங்கம் படகைத் தள்ளினார்.

கிளுவைக் கண்மாயில் அவளுக்கு அது ஆறாம் நாள். இடுப்பளவுத் தண்ணீரில் நாட்டுக்கருவேல மரங்கள் நின்றன. மரத்துக்கு இருபது முப்பது கூடுகள். மேல்கிளைகளில் சங்குவளை நாரைகள், அதற்குக் கீழே கரண்டிவாயன்கள், இலை அடர்ந்த இடங்களில் வக்காக்கள். கரண்டிவாயன் குஞ்சுக்கு இன்னும் கரண்டி வந்திருக்கவில்லை. அலகு குட்டையாக, மெத்தென்று இருந்தது. பறக்கத் தெரியாத ஒவ்வொரு குஞ்சையும் கண்ணும் அலகும் ஒரே படத்தில் தெரியும்படி அவள் எடுக்க வேண்டும். ஒரு மரத்தடியில் பத்து நிமிடத்துக்கு மேல் படகு நிற்கக் கூடாது. தாய்ப்பறவை எழுந்து போய்விட்டால் வெயிலே குஞ்சைக் கொன்றுவிடும். வக்காக் குஞ்சுகள் பயந்தால் தின்ற மீனைத் தலையில் கக்கும். அதற்காகப் பூவலிங்கம் ஒரு பழைய குடையைப் படகிலேயே வைத்திருந்தார்.

படங்கள் மீதான நம்பிக்கை போய் நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் இயந்திரத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றான பிறகு, அரசும் நீதிமன்றமும் படத்தை விட்டுவிட்டு, எடுத்தவரை நம்பத் தொடங்கின. முத்திரைக் கேமராவும், அதன்முன் உறுதி சொன்ன படச்சான்றாளரும் சேர்ந்தால்தான் ஒரு படம் செல்லும். கடல் உள்ளே வந்து கிணறுகள் உப்பாகிப்போன இந்தச் சீமையில், ஆற்றில் மிஞ்சிய தண்ணீரை எந்தக் கண்மாய்க்கு விடுவது என்பதையும் அப்படித்தான் முடிவு செய்தார்கள். குஞ்சு வளரும் கண்மாய் உயிருள்ள கண்மாய். ஏழு நாளில் நானூறு குஞ்சுகள் படமானால் மாசியில் இரண்டாம் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரில்தான் மிளகாய் விளையும், ஊருணி நிறையும், மரங்கள் நனைந்து நிற்கும். சான்றாளர் ஒருவரும் கண்மாய்த் தலைவர் ஒருவரும் கையெழுத்திட்டால் கணக்கு முடிந்தது.

ஆனால் ஒரு விதி இருந்தது. இப்படிக் கையெழுத்திடுகிறவர் ஒருமுறை பொய் சொல்லி அகப்பட்டால், அவர் அதுவரை சொன்னது எல்லாமே பொய்யாகிவிடும். அவர் கையெழுத்தில் தண்ணீர் பெற்ற ஊர்களெல்லாம் தண்ணீரை இழக்கும். அவருக்குச் 'சொல் அறுந்தது' என்பார்கள். அதன் பிறகு ரேஷன் கடையிலிருந்து காவல் நிலையம் வரை அவர் பேச்சை எந்த இயந்திரமும் பதிவு செய்யாது.

செவந்தியின் அக்கா பஞ்சவர்ணத்துக்கு அப்படித்தான் சொல் அறுந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவள் நெய்வயல் கண்மாயின் சான்றாளராக இருந்தாள். செவந்திதான் அவளுக்குப் படகு தள்ளினாள். அந்த ஆண்டு பஞ்சவர்ணம் எடுத்த குஞ்சுகளில் பதினான்கு அச்சுக் குஞ்சுகள் என்று பக்கத்துக் கிளுவைக் கண்மாயிலிருந்து புகார் போனது. இயந்திரத்தில் அச்சிட்டு எடுத்த உடல், ஆனால் மூச்சு விடும், வாய் திறக்கும். யாரோ கொண்டுவந்து கூட்டில் வைத்திருந்தார்கள். அவற்றை வைத்தது அக்கா இல்லை என்று செவந்திக்குத் தெரியும். ஆனால் எடுத்தது அக்காதான். நெய்வயலும் இன்னும் மூன்று ஊர்களும் தண்ணீரை இழந்தன. நெய்வயலின் பங்கு கிளுவைக்குப் போனது. சொந்த ஊர்க்காரர்களே அக்காவின் வீட்டுக் கதவில் சாணியை அடித்தார்கள்.

அதற்கு இரண்டாவது ஆண்டு பஞ்சவர்ணத்துக்கு ஒரு மத்தியானம் நெஞ்சு வலித்தது. அவசர உதவி எண்ணுக்கு மூன்று முறை பேசினாள். மூன்று முறையும் அழைப்பவரின் சொல் ஏற்கப்படவில்லை என்று பதில் வந்தது. அந்த ஒலிப்பதிவைச் செவந்தி பிறகு கேட்டு வாங்கினாள். மூன்றாவது அழைப்பில் அக்கா வலியைப் பற்றிப் பேசவே இல்லை. நான் பொய் சொல்லவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு செவந்தி சான்றாளர் தேர்வு எழுதினாள். நெய்வயல் புகாருக்குப் பிறகு விதி மாறியிருந்தது. சான்றாளரின் ஊரும் உறவும் எந்தக் கண்மாய்க்கும் சொல்லப்படுவதில்லை, எண் மட்டும்தான். எந்தக் கண்மாய் யாருக்கு என்பது குலுக்கலில் விழும். ஆறு ஆண்டுகள் ஆறு ஊர்களுக்குப் போய், ஒரு குறையும் இல்லாமல் படமெடுத்தாள். ஏழாம் ஆண்டு கிளுவை விழுந்தது. தலைவர் பெயர் உடையணசாமி என்று போட்டிருந்தது. அன்று புகார் எழுதிய அதே கை.

வந்து பார்த்தபோது அவர் நல்ல மனிதர்போலவே இருந்தார். அறுபது வயது, மெலிந்த உடம்பு, பேச்சில் நிதானம். முதல் நாளே அவளுக்கு வீட்டிலிருந்து மோர் கொடுத்தனுப்பினார். ஊர் அவரைச் சாமியாக வைத்திருந்தது. ஒன்பது ஆண்டுகளாகத் தண்ணீர் தவறாமல் வந்திருந்தது அல்லவா. செவந்தி அந்த மோரைக் குடிக்காமல் கண்மாயில் ஊற்றினாள்.

ஆறாம் நாள் மாலை, எண்ணிக்கை முந்நூற்று எண்பத்தொன்பதில் நின்றது. இருட்டுவதற்குள் உடையணசாமி கரைக்கு வந்தார். ஆண்டுக்கு ஆண்டு பறவை குறைகிறது, கூடு கட்டும் மரங்கள் பட்டுப்போகின்றன என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பதினொரு குஞ்சுகளுக்காக முந்நூறு வீடு தவிக்கலாமா என்று நிறுத்தினார். மறுநாள் காலை அவரும் படகில் வரலாம், தான் தவறவிட்ட கூடுகளைக் காட்டலாம் என்று செவந்தி சொன்னாள்.

ஏழாம் நாள் காலை அவர் படகின் நடுவில் உட்கார்ந்தார். அவர் வருவதற்கு முன்பே அவள் கேமராவைத் திறந்துவிட்டாள். பிறகு அதன் வில்லைக்கு மூடியைப் போட்டாள். மூடி போட்டால் கேமரா தூங்கிவிடும் என்று எல்லா ஊரிலும் நினைத்தார்கள். அதன் கண்தான் மூடும், காது மூடாது என்பது சான்றாளர்களுக்கு மட்டும் தெரியும். உறுதிமொழி சொல்லித் திறந்த கேமரா முன் யார் பேசினாலும் அது சான்று.

நான்காவது மரத்தடியில் அவர் ஒரு சங்குவளை நாரைக் குஞ்சைக் காட்டினார். அதை அவள் மூன்று நாளைக்கு முன்பே எடுத்திருந்தாள்.

"இதை இந்தப் பக்கமிருந்து ஒண்ணு, அந்தப் பக்கமிருந்து ஒண்ணு எடுங்க மேடம். வளர்ற குஞ்சு, நாளுக்கு நாள் முகம் மாறும். யாருக்குத் தெரியப் போகுது?"

மாட்டிக்கொண்டால் என் சொல் அறுந்துவிடுமே என்று செவந்தி கேட்டாள். அவர் சிரித்தார். அது பயந்தவளைத் தேற்றுகிற சிரிப்பு.

"தானா யாரும் மாட்டுறதில்ல. யாராவது மாட்டிவிடணும். இங்க உங்களை யாரு மாட்டிவிடப் போறா? நெய்வயல்ல ஒரு பொம்பளை இருந்துச்சு. ஒன்பது வருசம் இருக்கும். அச்சுக் குஞ்சு பதினாலு, நாந்தான் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். ஒவ்வொண்ணையும் பொறுமையா எடுத்துச்சு. அது மேல தப்பே கிடையாது, பாவம். ஆனா அன்னிக்கு அந்தத் தண்ணி வரலைன்னா இந்த ஊரு இருந்திருக்காது."

பூவலிங்கத்தின் கம்பு தண்ணீருக்குள் நின்றுவிட்டது. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று செவந்தி கேட்டாள். தெரியாது, எங்கேயாவது பிழைத்துக்கொண்டிருக்கும் என்றார் அவர்.

செவந்தி மூடியைக் கழற்றினாள். கேமராவின் ஓரத்தில் எரிந்துகொண்டிருந்த சிவப்புப் புள்ளியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அவ பேரு பஞ்சவர்ணம். எங்க அக்கா. செத்துப் போயிட்டா."

அவர் அந்தப் புள்ளியைப் பார்த்தார். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. படகைக் கரைக்குத் திருப்பச் சொன்னார். பூவலிங்கம் அசையவில்லை. உடையணசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, மரங்களுக்கு நடுவே கரையை நோக்கி நடந்தார். அந்த முதுகைப் பார்த்தபோது செவந்திக்கு ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாக மூச்சு முழுதாக இறங்கியது.

மீதிப் பகலை அவள் வீணாக்கவில்லை. மேற்கு மூலையில் வக்காக் கூடுகள் நான்கில் முட்டைகள் அன்றுதான் பொரிந்திருந்தன. தலையில் முள்முள்ளாக முடி நிற்க, ஈரம் காயாத பதினான்கு குஞ்சுகள். ஒவ்வொன்றாக எடுத்தாள். பதினோராவது குஞ்சு நானூறாவதாக விழுந்தது. மொத்தம் நானூற்று மூன்று. அந்த மனிதர் பேசாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலே போதும், தண்ணீர் வந்திருக்கும்.

பூவலிங்கமும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். கரைக்குத் திரும்பும் வழியில், சூரியன் மறையுமுன் வேண்டாத பதிவுகளை அழிக்கச் சான்றாளருக்கு உரிமை உண்டாமே என்று மெல்லக் கேட்டார். உண்டு என்றாள். காலையில் பேசியது மட்டும் அழிந்துவிட்டால் எண்ணிக்கை எண்ணிக்கையாக நிற்குமே என்றார். தனக்கு ஒன்றரை ஏக்கர் மிளகாய் நிற்கிறது, அதைக்கூட விட்டுவிடலாம், ஊருணி காய்ந்தால் குடிப்பதற்கு உப்புத் தண்ணீர்தான் என்றார்.

"தாயி, அந்த ஆளை என்ன வேணாலும் பண்ணுங்க. நானே கம்பால அடிக்கிறேன். ஊரை விட்டுருங்க."

"எங்க அக்காவை எந்த ஊரு விட்டுச்சு?" என்றாள் செவந்தி.

கரையில் இறங்கி, பூவலிங்கத்தின் கண்முன்னேயே அவள் கேமராவுக்கு முத்திரை வைத்தாள். பதிவு போய்ச் சேர்ந்தது என்று அது சொன்னது.

பதினொரு நாளில் எல்லாம் முடிந்தது. உடையணசாமியின் சொல் அறுந்தது. அவர் கையெழுத்திட்ட ஒன்பது ஆண்டுக் கணக்கும், அந்த ஆண்டின் நானூற்று மூன்று குஞ்சுகளும் இல்லையென்று ஆயின. நெய்வயலுக்கு அதன் பங்கு திரும்பியது. பஞ்சவர்ணத்தின் சொல் மீட்கப்பட்டதாக ஒரு கடிதம் வந்தது. அக்காவின் பெயருக்கே, 'அன்புடையீர்' என்று தொடங்கி. செவந்தி அதை இரண்டு முறை படித்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுக்கு நன்றாகப் பசித்தது.

பங்குனியில் அவள் கிளுவைக்குப் போனாள். வேலை எதுவும் இல்லை. அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காக மட்டுமே மூன்று பஸ் மாறிப் போனாள். ஊரில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. பூவலிங்கம் மூத்த மகளுடன் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று சொல்ல யாருக்கும் மனமில்லை. கண்மாய் சேறாகி, சேறு வெடித்துக் கிடந்தது. தண்ணீர் நின்றபோது நெருங்க முடியாதிருந்த மரங்களுக்கு இப்போது நாய்கள் நடந்தே போயின. மரத்தடிகளில் இறகுகள் கிடந்தன, சின்னச் சின்னக் கால்கள் கிடந்தன. அவள் அவற்றை மிதிக்காமல் நடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நடுக் கண்மாயில் மூன்று மரங்களுக்குக் கீழே உடையணசாமி ஒரு தடியுடன் நின்று நாய்களை விரட்டிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. ஊரில் யாரும் அவரோடு பேசுவதில்லை என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அவளைக் கண்டதும் அவர் தடியைக் கீழே போடவில்லை, ஓங்கவும் இல்லை.

இன்னும் முப்பத்தொரு குஞ்சுகள் உயிரோடு இருப்பதாகச் சொன்னார். பெரிய பறவைகள் இரை தேடிப் போனால் அரை நாள் கழித்துத்தான் வருகின்றன. குஞ்சுக் காப்பகத்துக்கு நாலு நாளாகப் பேசுகிறேன், வண்டி அனுப்பினால் பிழைத்துக்கொள்ளும், என் பேச்சு பதிவாகவே மாட்டேன் என்கிறது என்றார். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

செவந்தி அண்ணாந்து பார்த்து மூன்று மரங்களையும் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். முப்பத்தொன்று. அவர் ஒன்றுகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அவர் முன்னாலேயே அவள் காப்பகத்துக்குப் பேசினாள். சான்று எண்ணைச் சொன்னதும் அந்தப் பக்கத்து இயந்திரக் குரல் மரியாதையாக இடத்தைக் கேட்டது, இனத்தைக் கேட்டது, எண்ணிக்கையைக் கேட்டது. இரண்டு மணி நேரத்தில் வண்டி வரும் என்றது. பிறகு வழக்கமான கடைசிக் கேள்வியைக் கேட்டது: இந்த எண்ணிக்கையை அங்கே வேறு யாராவது முன்னரே சொன்னார்களா?

உடையணசாமி தடியை ஊன்றிக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்.

"இல்லை" என்றாள் செவந்தி.

சொல் ஏற்கப்பட்டது என்றது குரல். அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். ஒரு நாய் மரத்தை நோக்கி வந்தது. அவர் அதை விரட்டப் போனார்.