முனை கிடைக்கும் வரை

மகள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாள் என்பது வெறும் சாக்கு. காஜாக்காரி அந்தக் கட்டடத்துக்கு வந்தது மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு போகத்தான்.

தெருமுனையில் ஒரு மிஷினைப் போட்டு, சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்துக் காலம் தள்ளுகிறவள் அவள். காஜாக்காரி என்றால்தான் அந்தப் பேட்டையில் தெரியும். ஒரு காலத்தில் அங்கே நுழைந்தாலே தரை அதிரும். மாடிக்கு மாடி நூறு மிஷின் ஓடும், பஞ்சுத்தூசி பறந்துவந்து குடிக்கிற தண்ணீரில் விழும். இப்போது கீழ்த்தளமெல்லாம் கண்ணாடிக் கடைகள். தலையில்லாத பொம்மைகள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு இடுப்பில் கை வைத்து நிற்கின்றன. ‘பழமை மாறாத தையல் வீதி’ என்று பலகை வேறு. மாறாத பழமை எதுவென்று மேலே மூன்றாம் மாடியில் உட்கார்ந்து தைக்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

மகள் வேலை பார்க்கும் கம்பெனி திங்கட்கிழமைதான் இந்தக் கட்டடத்துக்கு இடம் மாறியது. அதை அவள் அம்மாவிடம் சொன்னது இன்று காலையில். செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டு, அம்மா வாயைத் திறப்பதற்குள் ஓடிவிட்டாள். இதே மூன்றாம் மாடியில்தான் காஜாக்காரியின் அக்கா இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் கடைசியாகத் தைத்தாள்.

மத்தியானம் மூன்று மணி. படியேறும்போதே அவளுக்கு ஏதோ உறுத்தியது. மேலேயிருந்து சத்தமே வரவில்லை.

கூடத்தில் எல்லா டியூப்லைட்டும் எரிந்தன. மிஷின் எண்ணெய், இஸ்திரி ஆவி, சாக்பீஸ் தூள் என்று பழைய வாசனை அப்படியே இருந்தது. அதற்கும் அடியில் வேறொன்று, நாள்பட்ட புண்ணின் வாடை. வரிசை வரிசையாக அறுபது பெண்கள் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் அசையவில்லை.

மூன்றாம் வரிசை மேஜைகளுக்கு அடியில் மட்டும் யாரோ தவழ்ந்துகொண்டிருந்தாள்.

முதுகு தெரிந்தது. பின்னல் தரையில் புரண்டது. உள்ளங்கையால் தரையைத் தடவித் தடவி அவள் நகர்ந்தாள்.

“தேடினது போதும்டி, எழுந்து வா. வீட்டுக்குப் போகலாம்,” என்றாள் காஜாக்காரி.

“அம்மா? நான் இங்க இருக்கேன்.”

குரல் பின்னாலிருந்து வந்தது. மகள் கதவோரம் சூப்பர்வைசரின் மேஜை அருகே நின்றுகொண்டிருந்தாள்.

காஜாக்காரி மறுபடி குனிந்து பார்த்தாள். மேஜைக்கு அடியில் யாரும் இல்லை. தரைத் தூசி மட்டும் நீளமாகத் துடைபட்டிருந்தது.

“கீழ தேடினது யாரு?” என்று வரிசை ஓரத்தில் இருந்தவளிடம் கேட்டாள்.

“யாருமில்லையே. எங்களை எழுந்திருக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க,” என்று அவள் கிசுகிசுத்தாள். “உங்க பொண்ணுக்கு ஊசி உடைஞ்சிருச்சு. முனையக் காணோம்.”

அது இந்தத் தொழிலின் சட்டம். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். துண்டுகள் முழு ஊசியாகச் சேர்ந்தால்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துணுக்குக் குறைந்தாலும் வேலை நிற்கும், ஆள் நகரக் கூடாது. சட்டை வாங்குகிறவருக்குக் குத்திவிடுமாம். நல்ல சட்டம்தான். தைக்கிறவளுக்குக் குத்தியிருந்தால் என்ன செய்வது என்று மட்டும் அதில் ஒரு வரி கிடையாது.

“கையக் காட்டு.”

மகள் இடது கையைப் பின்னால் மறைத்தாள். காஜாக்காரி பிடித்து இழுத்தாள். ஆள்காட்டி விரலில் நகத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி. விரல் புடைத்துப் பளபளத்தது.

“எப்போ?”

“பதினொரு மணிக்கு. விரலுக்குள்ள இருக்கற மாதிரி இருக்குன்னு சொன்னேம்மா. முதல்ல கீழ தேடுன்னுட்டாரு.”

அக்காவும் இதையேதான் சொன்னாள். கிடைக்கிற வரைக்கும் எழுந்திருக்காதே என்று அவளைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை தரையில் தவழவிட்டார்கள். பச்சை லைனிங் துணியைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு அவளும் தேடினாள். முனை அவள் விரலுக்குள்ளேயே இருந்தது. கை தோள்வரை கறுத்து, ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் காய்ச்சல் கண்டு இறந்ததாகக் கம்பெனி எழுதிக்கொண்டது. அடுத்த மிஷினில் உட்கார்ந்து அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தவள் காஜாக்காரி. அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கமும் ஆத்திரமும் இன்றைக்கும் ஆறவில்லை.

வாசல் பலகையில் பெயர் நாலு முறை மாறிவிட்டது. சூப்பர்வைசர் மட்டும் அதே ஆள். கட்டடத்தோடு சேர்த்து அவரையும் புதுக் கம்பெனிக்குக் கைமாற்றியிருந்தார்கள். தலைக்கு மை அடித்திருந்தார், அவ்வளவுதான்.

“ஏம்மா, வெளியாளெல்லாம் உள்ள வரக் கூடாது,” என்றார்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வழிய விடுங்க.”

“முனை கிடைக்கட்டும், தாராளமாப் போங்க. இருநூறு சட்டை அப்படியே நிக்குது.”

“இவ விரலுக்குள்ள இருக்குய்யா!”

“நீ பாத்தியா? எனக்கு நோட்டுல ஒட்டணும்.”

“எங்க அக்காவுக்கும் இதையேதானே சொன்ன? அவ செத்தப்புறம் நோட்டுல என்னத்த ஒட்டின?”

அவர் சிரிக்கப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். “எந்த அக்கா? எத்தனையோ பேரு வந்தாங்க, போனாங்க.”

சர்ர்... சர்ர்...

உள்ளங்கை தரையைத் தடவும் சத்தம்.

மூன்றாம் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு வந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

புண் வாடை கூடமெங்கும் பரவியது.

முதல் வரிசை மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. புடைத்துக் கறுத்த கை. ஆள்காட்டி விரலில் பச்சைத் துணி.

அது சூப்பர்வைசரின் கணுக்காலைப் பிடித்தது.

“குட்டி.” அக்காவைத் தவிர அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. “புள்ளையக் கூட்டிட்டுப் போடி.”

அடுத்து அதே குரல் சூப்பர்வைசரிடம் திரும்பியது.

“சார், நீங்க உக்காருங்க. நாம தேடுவோம்.”

அவர் முழங்கால் மடங்கி விழுந்தார். விழுந்த வேகத்தில் “ஐயோ” என்று இடது கையை உதறினார். ஆள்காட்டி விரலில் ஒரு கரும்புள்ளி. எல்லார் கண்ணெதிரிலும் அந்த விரல் புடைத்தது.

காஜாக்காரி மகளை இழுத்துக்கொண்டு அவரைத் தாண்டிக் கதவைத் திறந்தாள். அப்புறம் திரும்பி நின்று, இருபத்தொரு வருஷம் அடக்கிவைத்த குரலில் கத்தினாள். “எதுக்குடி இன்னும் உக்காந்திருக்கீங்க? எழுந்திருங்க! எல்லாரும் எழுந்து வாங்க!”

அறுபது நாற்காலிகளும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். முனை எலும்பை ஒட்டி நின்றது. அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார் டாக்டர். நாளைக்கு வந்திருந்தால் விரல் போயிருக்கும் என்றார். காஜாக்காரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் மத்தியானம் வரிசை ஓரத்துப் பெண் போன் செய்தாள். கூடத்திலிருந்துதான் பேசினாள்.

“சூப்பர்வைசர் இன்னும் எழுந்திருக்கலக்கா. ராத்திரி பூராத் தவழ்ந்துட்டே இருந்திருக்காரு. நாலு பேரு சேந்து தூக்கியும் முடியல, தரையோட வச்சுத் தச்ச மாதிரி இருக்காரு. கை தோள்வரைக்கும் கறுத்துருச்சு. டாக்டர் இங்கயே வந்து விரலக் கீறிப் பாத்தாரு. உள்ள ஒண்ணுமே இல்லையாம்.” அவள் குரல் தழைந்தது. “போதும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா உங்க அக்கா கேக்கும்னு இங்க பேசிக்கறாங்க. போனை அவர் பக்கத்துல வைக்கட்டுமாக்கா?”

“வை.”

ஒரு வயதான மனிதரின் முனகல் கேட்டது. அதோடு தரையைத் தடவும் சத்தம், ஒன்றல்ல, இரண்டு பேருடையது. மனசு இளகுகிறதா என்று காஜாக்காரி பொறுத்துப் பார்த்தாள். இளகவில்லை. பக்கத்தில் மகள் கட்டுப்போட்ட விரலை மார்போடு அணைத்துக்கொண்டு தூங்கினாள்.

“அவசரமில்ல சார்,” என்றது ஒரு பெண்குரல், போனுக்கு வெகு அருகில். “அந்த மூலையையும் பாருங்க.”

“ஆமா,” என்றாள் காஜாக்காரி. “தேடட்டும்.”

மறுபக்கத்தில் அக்கா சிரித்தாள்.