மெதுவாக எழுந்த ரம்பம்

அவளை எல்லோரும் எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பதினொன்று. ஆளும் சிறிசு, ஓர் இடத்தில் உட்காரவும் மாட்டாள்.

கீழே அப்பாவின் மரம் அறுக்கும் பட்டறை. நடுவில் அவர்கள் வீடு. மேலே மாடி அத்தை குடியிருந்தார். சொந்த அத்தை இல்லை, ஆனால் அப்படித்தான் பழக்கம். அவருக்கு நுரையீரல் பழுதாகிவிட்டது. அதனால் ஆக்சிஜன் தரும் இயந்திரத்தின் பக்கத்திலேயே, மூக்கில் மெல்லிய குழாயுடன், நாள் முழுக்க இருப்பார்.

ஒரு விடுமுறை நாள். அம்மா துவைத்துக் கொடுத்த போர்வையை எறும்பு மாடிக்கு எடுத்துப்போனாள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். சட்டென்று விளக்கு மங்கியது. இயந்திரம் 'பீப்' என்று கத்திவிட்டு நின்றுபோனது.

அத்தையின் கை சுவிட்சைத் தேடியது. எட்டவில்லை; எழுந்து நின்றால்தான் எட்டும். எறும்பு ஓடிப்போய் அழுத்தினாள். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆனால் அத்தைக்குப் பேச்சு வரச் சில நிமிடங்கள் ஆயின. அதுவரை அவர் உதடுகள் நீலமாக இருந்தன.

"பயந்துட்டியா?"

"இல்ல," என்று பொய் சொன்னாள் எறும்பு. "அடிக்கடி இப்படி ஆகுமா அத்தை?"

"ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. ரெண்டு மாசமா கரண்ட் சரியில்ல. என்ன பண்றது?"

எறும்புக்கு அவரை விட்டுப் போக மனம் வரவில்லை. இயந்திரம் நின்றபோது சுவர்க் கடிகாரம் காட்டிய நேரம் நினைவிருந்தது. பத்து இருபது. கையில் எழுதிக்கொண்டாள். பதினொன்று ஐந்துக்கு மறுபடி அதேபோல் ஆனது. இந்த முறை இன்னொன்றும் காதில் விழுந்தது. விளக்கு மங்கிய அதே நொடியில் கீழே 'டொம்' என்று ஒரு சத்தம். தரைகூட அதிர்ந்தது.

அத்தைக்கு மூச்சு சீரானதும் கீழே ஓடினாள்.

பட்டறையில் ரம்பம் ஓட்டுபவர் அறுவை அண்ணன். மரத்தை அறுப்பதால் வந்த பெயரா, அவருடைய ஜோக்குகளால் வந்த பெயரா என்று யாருக்கும் தெரியாது. ரம்பத்தைப் போடும் நேரத்தையெல்லாம் ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதிவைப்பார். எறும்பு அதைப் பார்த்தாள்.

"என்ன, எனக்கு அட்டென்டன்ஸ் எடுக்கறியா?" என்றார் அவர்.

எறும்பு சிரிக்கவில்லை. பலகையில் 10.20, 11.05 என்று இருந்தது. இரண்டுமே அத்தையின் இயந்திரம் நின்ற நேரங்கள்.

அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"லைன்ல ஏதாவது கோளாறு இருக்கும்மா. நம்ம ரம்பம் என்ன பண்ணும்?"

"அஞ்சே நிமிஷம் மேல வந்து பாருங்கப்பா."

"வேலை தலைக்கு மேல கிடக்கு."

"அத்தையும் நம்ம தலைக்கு மேலதாம்பா இருக்காங்க."

அப்பா அவளை ஒரு கணம் பார்த்தார். கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு மாடிப்படி ஏறினார்.

அவர் அத்தையிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். கீழே அறுவை அண்ணன், விஷயம் தெரியாமல், அடுத்த கட்டைக்காக ரம்பத்தைப் போட்டார்.

டொம்.

விளக்கு மங்கியது. இயந்திரம் நின்றது. அப்பா பாய்ந்துபோய் சுவிட்சை அழுத்தினார். மூச்சு திரும்பும்வரை அத்தை அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். அப்பாவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?"

"உன் ரம்பம்தான்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி? தெரிஞ்சாலும், கீழ வரைக்கும் கத்த மூச்சு வேணுமே," என்று அத்தை சிரிக்கப் பார்த்தார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கீழே போய் ரம்பத்தை நிறுத்தினார். மோட்டார் அக்காவுக்குப் போன் செய்தார். மோட்டார் பழுதுபார்ப்பவர் அவர்தான். வந்ததும் அக்கா, ரம்பத்துக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்தார்.

"மோட்டாரை மெதுவா கிளப்பத்தானே இதை மாட்டினேன்? பத்து நொடி வெச்சுட்டுப் போனேன். யாரு இதை ஒரு நொடிக்குத் திருப்பினது?"

அறுவை அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார் அப்பா. "ரெண்டு மாசம் முன்னாடி. ஒவ்வொரு தடவையும் பத்து நொடி நிக்கப் பொறுமையில்ல."

"திருப்பினா என்னக்கா ஆகும்?" என்று கேட்டாள் எறும்பு.

"நிக்கற மோட்டாரை ஒரேயடியா கிளப்பினா, ஓடறப்ப எடுக்கறதைவிட ஆறேழு மடங்கு கரண்டை ஒரே மடக்குல குடிச்சிடும். அந்த நேரத்துல மேல இருக்கறவங்களுக்குப் பத்தாது. இந்தப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமா ஊட்டிவிடும்."

சின்ன ஸ்க்ரூடிரைவரால் குமிழைப் பழையபடி பத்து நொடிக்குத் திருப்பினார். "மூச்சு விஷயம். எதுக்கும் மேல அந்த மெஷினுக்கு ஒரு பேட்டரியும் மாட்டித் தர்றேன். நான் சொல்றவரைக்கும் யாரும் ரம்பத்தைத் தொடாதீங்க."

பேட்டரியை மாட்டி முடித்ததும் மோட்டார் அக்கா கீழே இறங்கினார். அப்பா அத்தையின் கதவருகில் நின்றார். உள்ளே வரத் தயங்கினார்.

"தப்பு என்னோடதுதான் அக்கா. அவசரப்பட்டு நான்தான் அதைத் திருப்பினேன்."

அத்தை நாற்காலியைக் காட்டினார். "உள்ள வந்து உட்காருப்பா."

எறும்பு சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு விளக்கையே பார்த்தாள்.

"போடறேன்!" என்று கீழேயிருந்து மோட்டார் அக்காவின் குரல் வந்தது.

'டொம்' கேட்கவில்லை. ஒரு மெல்லிய முனகல் மட்டும் எழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, ரம்பத்தின் முழு இரைச்சலானது. விளக்கு மங்கவே இல்லை. இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன, இன்னும் போடலையா?" என்றார் அத்தை.

"போட்டாச்சு அத்தை. ஓடிட்டுத்தான் இருக்கு."

அத்தை காதைத் தீட்டிக் கேட்டார். பிறகு தலையணையில் சாய்ந்து, நிம்மதியாகக் கண்களை மூடிக்கொண்டார்.

எறும்பு சுவிட்சிலிருந்து விரலை எடுத்தாள்.