காரின் இடது கை

என் மகள் ஹெட்டியின் அம்மா ரூத் போன குளிர்காலத்தில் இறந்தாள். அதன்பிறகு அந்தக் காரை யாரும் எடுக்கவில்லை.

கறுப்புக் கார். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ரூத்தின் தாத்தா வாங்கியது. ஒரு கீறல் கிடையாது. ஒரே ஒரு குறைதான். திரும்புவதைக் காட்ட அதில் மின்னும் விளக்குகள் இல்லை. அதற்குப் பதில், திரும்பும்போது இரு கதவுகளுக்கும் நடுவிலுள்ள தூணிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கை வெளியே நீளும். இடது கை மட்டும் சிக்கிக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரூத் தூணில் ஒரு குத்து விடுவாள். உடனே நீளும்.

காரை விற்கப் போவதாக ஹெட்டியிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்பது வயது. ரொட்டியின் ஓரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை மழை பெய்தது. காரை வாங்க லீட்ஸ் நகரிலிருந்து மிஸ்டர் கார்பட் வேனில் வந்தார். ஈர மீசையோடு கராஜில் நின்ற காரைச் சுற்றி வந்தார். அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்தபோது முதுகெல்லாம் தூசி, முகமெல்லாம் சிரிப்பு.

பின் சீட்டில் யார் உட்காருவார்கள் என்று ஹெட்டி அவரிடம் கேட்டாள்.

"பின் சீட்டே இருக்காது கண்ணு. கூரை, கதவு எல்லாத்தையும் வெட்டி எடுத்துருவேன். அடிச்சட்டமும் இன்ஜினும் போதும். ரேஸ் கார் பண்ணப் போறேன்."

அவர் கெட்டவர் இல்லை. பழைய கார் பிரியர்கள் பலர் இங்கே இங்கிலாந்தில் அப்படிச் செய்வதுண்டு. அவர் கையை நீட்டினார். குலுக்கிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு மாற்றக் கூடாது. நானும் கையை நீட்டினேன்.

ஹெட்டி நடுவில் வந்து நின்றாள். அவருக்காகக் கொண்டுவந்த டீக் கோப்பையை அந்தக் கையில் வைத்தாள்.

"ஆறிடும் சார்," என்றாள். "கூரையே வேணாம்னா, கூரையே இல்லாத கார் ஒண்ணு எனக்குத் தெரியும். இதே மாதிரி."

அது மிஸஸ் ஆல்டனின் பண்ணைக் கொட்டகையில் நிற்கிறது. ஹெட்டி வாராவாரம் அங்கே முட்டை வாங்கப் போவாள். அதன் துணிக் கூரையை எலி தின்றுவிட்டது. கதவுகள் எப்போதோ போயின. பின் சீட்டில் கோழிகள் முட்டையிடுகின்றன.

மிஸ்டர் கார்பட் யோசித்தார். "அப்போ கோழிங்க எங்க போகும்?"

"சீட்டை வெட்டி அதுங்களுக்கே குடுத்துருங்க. அதுங்களுக்கு இன்ஜின் வேணாம்."

அவர் சிரித்ததில் டீ சிந்தியது. வழி கேட்டார்.

நான் வழி சொல்லி முடிப்பதற்குள் ஹெட்டி எங்கள் காரில் ஏறியிருந்தாள். முன்னால், இடப்பக்கம். ரூத்தின் இடம். நானும் ஏறினேன். இன்ஜின் இருமிவிட்டுக் கிளம்பியது. வேன் பின்னால் வந்தது.

தேவாலயத்து முனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். விசையை அழுத்தினேன். கை நீளவில்லை. காரை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பின்னால் வேன் ஹாரன் அடித்தது.

ஹெட்டி தூணில் ஒரு குத்து விட்டாள். டக். கை நீண்டது.

"அம்மா எப்பவும் ஒரே குத்துதான்," என்றாள்.

பண்ணையில் மிஸ்டர் கார்பட் மறுபடியும் தரையில் படுத்தார். மறுபடியும் சிரித்துக்கொண்டே எழுந்தார். மிஸஸ் ஆல்டனோடு கை குலுக்கினார். சீட்டை விட்டு இறங்காமல் ஒரு கோழி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது மழை வலுத்தது.

"அடுத்து யாராவது வாங்க வந்தா, இந்தத் தூண்ல குத்தணும்னு சொல்லிடணும்ப்பா," என்றாள் ஹெட்டி.

"யாரும் வர மாட்டாங்க. வரவேணாம்னு சொல்லிடலாம்," என்றேன்.

எங்கள் வீட்டுச் சந்து இடப்பக்கம். விசையை அழுத்தினேன். அவள் கையை மடக்கித் தயாராக வைத்திருந்தாள்.