கயிற்றைக் கட்டச் சொன்னவன்

தென் அட்லாண்டிக் கடலில், ஆள் குடியில்லாத நைட்டிங்கேல் தீவில் நாங்கள் இறங்கியபோது மார்ச் மாதத்துப் பகல், பதினொரு மணி இருக்கும். கடற்பறவைக் குஞ்சுகளைப் பிடித்துக் கொழுப்பு எடுக்கும் பருவம். எங்களோடு வந்தவர்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேலே குடிசைகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சச் சாமானோடு இறங்குபாறையில் நின்றது நானும் என் தம்பி கான்ராடும்தான். தம்பி என்றாலும் நாற்பது வயது ஆள். ட்ரிஸ்டன் தீவுக் கரையில் படகேறும் முன்பு அவன் மூட்டையை நான் மூன்று தடவை கொட்டிப் பார்த்ததில் அவனுக்குக் கோபம்.

"காலுறைக்குள்ளகூட எலி தேடுனியேக்கா. உனக்கே சிரிப்பு வரல?"

"உன் காலுறைக்குள்ள புகுந்த எலி உயிரோட வெளிய வருமாடா?"

நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. எங்கள் ஊர் ட்ரிஸ்டனில் எலி உண்டு. வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே அணி பிரிந்து வேட்டையாடி, நீளமான வாலுக்குப் பரிசு கொடுத்துச் சிரிப்போம். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. ஒரு காலத்தில் எங்கள் கரையில் ஒரு கப்பல் தரைதட்டியது. அதன் கயிற்றைப் பாறையில் கட்டியவர் என் கொள்ளுத்தாத்தா. மனிதர்கள் இறங்கும் முன்பே எலிகள் அந்தக் கயிற்றில் இறங்கிவிட்டன. மண்வளைக்குள் குஞ்சு வைத்திருந்த பறவைகளைத் தின்று தீர்த்தன. அதனால்தான் இன்று முட்டைக்கும் கொழுப்புக்கும் இருபது மைலுக்கு மேல் கடல் தாண்டி வருகிறோம்.

நைட்டிங்கேலில் எலி கிடையாது. காலடியில் மண் முழுக்கப் பறவை வளைகள். ஒரே ஒரு சினை எலி வந்தால் போதும், பத்து வருஷத்தில் எல்லாம் போய்விடும். எனவே எந்தக் கப்பலின் கயிறும் இந்தப் பாறையில் கட்டப்படக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

அன்று மூடுபனி தெற்கிலிருந்து வந்தது. கடலை மூடியது, பாறையை மூடியது, கான்ராடின் தொப்பி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பிறகு ஒரு நாற்றம். ஈரத்தில் மக்கிய தானியம், அதன்மேல் மூத்திரம். நடுக்கடலில் அந்த நாற்றத்துக்கு என்ன வேலை?

அதுவரை ஓயாமல் கத்திய பறவைகள் ஒரே நேரத்தில் வாயடைத்தன.

"கரையில யாரு?"

ஓர் ஆண் குரல். மிக அருகில்.

கனத்த கயிறு ஒன்று பனிக்குள்ளிருந்து பறந்து வந்து எங்கள் காலடியில் விழுந்தது. கான்ராட் பாய்ந்து எடுத்தான். பாறைமுனையில் சுற்றிவிட்டான்.

"கட்டாதடா!"

"அக்கா, ஆளுங்க சாகப்போறாங்க!"

"கையில பிடி. கட்டாத."

"நம்ம வம்சமே உடைஞ்ச கப்பல்ல வந்ததுதானே? அன்னிக்கு எவனாவது உன்ன மாதிரி நின்னிருந்தா, நீ ஏது, நான் ஏது?"

அவன் சொன்னது நியாயம். கடலில் தவிப்பவனைக் கைவிட்டவன் என்று எங்கள் ஊரில் ஒருவனுக்கும் பேர் கிடையாது. அந்தப் பேரை நான் வாங்கப்போகிறேனா என்று பயந்தேன். ஆனாலும் கயிற்றைப் பாறையிலிருந்து எடுத்து என் இடுப்பில் சுற்றிக்கொண்டேன்.

"குதிங்க!" என்று கத்தினேன். "கயித்தப் பிடிச்சிட்டுக் குதிங்க! நாங்க ரெண்டு பேரும் இழுக்கிறோம்!"

"கட்டு."

"எத்தன பேரு இருக்கீங்க?"

"கட்டு."

பனி கொஞ்சம் விலகியது. கறுத்த மரக் கப்பலின் முனை. அதில் ஒருவன் மட்டும், நீளமான கோட்டு போட்டு நின்றான். காற்றே இல்லை. ஆனாலும் கோட்டு அசைந்தது. தோளில், மார்பில், வயிற்றில், அங்கங்கே புடைத்துப் புடைத்து அடங்கியது.

"அக்கா..." கான்ராட் கிசுகிசுத்தான். "அவன் கோட்டு..."

"பாத்தேன்."

சாகப்போகிறவன் பேரம் பேச மாட்டான். குதி என்றால் குதிப்பான். இவனுக்குக் கரையேற வேண்டியதில்லை, இவன் எதையோ கரைக்கு அனுப்ப வந்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கயிறு இடுப்பில் அதிர்ந்தது.

சின்னச் சின்னக் கால்கள்.

நூற்றுக்கணக்கில்.

அவன் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தான். குரல் இப்போது மென்மையாக இருந்தது.

"உன் கொள்ளுத்தாத்தா கட்டினாரே."

எனக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. அந்தப் பழைய கப்பல்காரன், என்றோ செத்தவன், என் வம்சத்தைக் காட்டி என்னை மடக்கப் பார்க்கிறானாம்!

"அவருக்குத் தெரியாது," என்றேன். "எனக்குத் தெரியும்டா."

கொழுப்பு அறுக்கும் கத்தியால் ஒரே இழுப்பு.

கயிறு போன பக்கம் தண்ணீரில் சத்தம் கேட்டது. கூடை நிறையக் கூழாங்கல்லைக் கொட்டியது மாதிரி, வெகுநேரம்.

பனி விலகியபோது கடல் காலியாக இருந்தது. பறவைகள் மறுபடி கத்தத் தொடங்கின. கான்ராட் பாறைமேல் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். என் இடுப்பில் அறுந்த கயிற்றின் துண்டு இன்னும் சுற்றியிருந்தது. எங்கள் படகுத் தலைவர் நெவில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடல்நாயப் பாத்துப் பயந்திருப்பீங்க. இது எங்கயோ மிதந்து வந்த கயிறு," என்றார். ஆனாலும் மூன்று நாள் எல்லோரும் வளை வளையாகத் தேடினோம். ஒரு எச்சமில்லை, ஒரு பல் தடமில்லை. குஞ்சுகள் கொழுகொழுவென்று இருந்தன.

நான்காம் நாள் காலை, ஊர் திரும்பச் சாமானோடு இறங்கினோம். நெவில்தான் முதலில் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. இறங்குபாறையில் ஈரக் கயிறு ஒன்று கட்டியிருந்தது. மறுமுனை கடலுக்குள் தொங்கியது. எங்கள் ஊரில் யாரும் போடாத முடிச்சு.

யாரும் கிட்டப் போகவில்லை. நான் போய் அறுத்தேன்.

அதற்குப் பிறகு பதினெட்டு மார்ச் மாதங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு தடவையும் கயிறு கட்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் படகிலிருந்து முதலில் குதிப்பவள் நான். "வெரா, உனக்கு முட்டி வலி, இந்த வருஷம் வேற யாராவது போகட்டும்," என்கிறார்கள். போகச் சொல்லுங்களேன், யார் வருகிறார்கள் பார்ப்போம். தீவில் இன்றுவரை எலி இல்லை.

போன வருஷம் வானம் தெளிவாக இருந்தது, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு கப்பலும் இல்லை. ஆனால் கயிறு தொங்கவில்லை. வெறுங்கடலை நோக்கி விறைப்பாக நீண்டிருந்தது. கை வைத்தேன்.

அதிர்ந்துகொண்டிருந்தது.

"இந்த வருஷமும் கிடையாதுடா," என்று சொல்லிக் கத்தியை வைத்தேன்.