கல் நகர்ந்த பிறகு

கிழக்கே இருந்து சோறு வடிக்கும் வாசனை வந்தது. கிழக்கே வீடே கிடையாது. ஹில்டாவின் கிணற்றடிக்கு அப்பால் கருவேல முள்ளும் வறண்ட ஏரியும்தான். மாடு மேய்க்கிறவன் எவனாவது அடுப்பு மூட்டியிருப்பான் என்று முனகிக்கொண்டே அரிக்கேன் விளக்கை ஏற்றினாள். கரண்ட் மத்தியானமே போய்விட்டது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு வந்தும் இந்த லட்சணம்தான்.

அவளுக்கு வாசனையைப் பற்றியா கவலை! நாலு வயது மகள் கிருபாவுக்குக் காலையிலிருந்து வாந்தியும் பேதியும். கணவன் அசரியா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாம்பரத்துக்கு டாக்டரிடம் போயிருந்தான். நானும் வருகிறேன் என்றவளை, "வீடு தனியாக் கிடக்கும், நீ இரு" என்று தடுத்துவிட்டான். இன்னும் காணோம். பாவி மனுஷன், ஒரு ஆளிடமாவது சொல்லியனுப்பக் கூடாதா?

நெல்லித்தாங்கல் ஊருக்குக் கிழக்கே கடைசி மனை அவர்களுடையது. விற்றது ஊர்க்காரன் துரைராஜ். அவன் அம்மா தாயாரம்மாள் வாரம் தவறாமல் கீரை கொண்டுவருவாள், கிருபாவை இடுப்பிலிருந்து இறக்கமாட்டாள். ஊர்க் கதை சொன்னதும் அவள்தான்.

"பழைய ஊரு ஏரியாண்ட இருந்திச்சும்மா. பேதி வந்து கொத்து கொத்தாப் பூட்டாங்க. நடக்க முடிஞ்சவங்க மேக்கால வந்து இங்க வூடு கட்டிக்கினாங்க."

"நடக்க முடியாதவங்க?"

"முருங்கக்கீரைய இன்னிக்கே ஆஞ்சிடும்மா, வாடிப்பூடும்" என்று எழுந்து போய்விட்டாள்.

பழைய ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவே ஓர் எல்லைக்கல். ஹில்டாவின் கிணற்றுக்குப் பின்னால் மஞ்சள் பூசி நின்றது. போன ஞாயிறு அவள் சர்ச்சிலிருந்து திரும்பியபோது துரைராஜ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "டீச்சரம்மா, செவ்வாக்கெழம எல்லை கட்றோம், நோவு நொடி ஊருக்குள்ள வராம. இந்தக் கல்ல நவுத்திக்கலாமா?" அவளுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். பூசை போடுகிற கல் தன் காம்பவுண்டை விட்டுத் தொலைகிறதே! "தாராளமா" என்றாள். தோண்டியவர்களுக்குக் காப்பிகூடப் போட்டுக் கொடுத்தாள். அசரியா மட்டும் காப்பியைத் தொடவேயில்லை.

இன்று செவ்வாய்.

ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த பறைச்சத்தம் சட்டென்று நின்றது. அதன்பின் நாய் குரைக்கவில்லை, தூரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயினின் இரைச்சலும் கேட்கவில்லை, காற்றில் அந்தச் சோற்று ஆவி மட்டும் சூடாக, சற்றே புளித்து, கன்னத்தில் படுகிற மாதிரி வந்தது. அவள் விளக்கை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

கல் அங்கே நின்றது. அவள் வீட்டுக்கும் ஊருக்கும் நடுவே. புது மஞ்சள், வேப்பிலை, ரத்தச்சோறு. கல்லுக்கு அந்தப் பக்கம் அசரியா, தோளில் கிருபா.

"என்னங்க! டாக்டர் என்ன சொன்னார்?"

அவன் தலை நிமிரவில்லை. "டாக்டர்கிட்ட போகல, ஹில்டா. எல்லை கட்டினதும் இவளுக்கு வாந்தி பேதி நின்னுடுச்சு."

அவள் காலை எடுத்து வைத்தாள். துரைராஜ் இருட்டிலிருந்து கத்தினான். "தாண்டாதீங்க டீச்சரம்மா! தாண்டினா கொயந்தைக்குத்தான் திரும்பும்!"

கால் நின்றுவிட்டது. அவன் பின்னால் தாயாரம்மாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவளுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

"ஒரு வீடு எல்லைக்கு வெளியே இருக்கணுமாம்," என்றான் அசரியா. "வீட்டுல ஒருத்தர் இருந்தாப் போதுமாம்."

"அந்த ஒருத்தர் நீங்களா இருந்திருக்கலாமே?"

அவன் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். துரோகி! ஆறு வருஷம் இவனுக்கா சோறு போட்டேன் என்று அவள் வயிறு எரிந்தது. கத்த வாயெடுத்தாள். கிருபாவின் முகத்தைப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. கத்தவில்லை.

பின்னால் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. யாரோ தண்ணீர் சேந்துகிறார்கள். ஒரு வாளி. இன்னொன்று. ஈரக் கால்கள் மண்ணில் இழுபடும் சத்தம். நடப்பதல்ல. இழுபடுவது. ஒன்றல்ல. நிறைய.

கிருபா தலையைத் தூக்கி, அம்மாவைத் தாண்டிப் பார்த்தாள். அசரியா அவள் கண்ணைப் பொத்தினான்.

விளக்கு அணைந்தது. ஹில்டா திரும்பினாள். ஏரி முழுக்க அடுப்பு. வரிசை வரிசையாக, ஒரு தெரு மாதிரி.

முழங்காலுக்குக் கீழே ஒரு கை அவள் சேலையைப் பிடித்தது. தவழ்ந்து வந்த களைப்பில் மூச்சு வாங்கியது. பெண் குரல். பரிவான குரல்.

"உன்னையும் உட்டுட்டுப் பூட்டாங்களா?"

கை மெல்ல இழுத்தது.

"வாம்மா. உனக்கும் சேத்துத்தான் ஒல வெச்சோம்."